வேதக்கோயில் பள்ளிக்கூடம்: அந்தக் கூரையின் வரலாற்றை யார் எழுதுவது?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பைப் பேசும் கூட்டத்தில் வேதக்கோயிலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எந்த மதமும் விடுதலை தராது என்று உறுதியாகச் சொல்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். நான் இன்றைக்குக் கடவுளைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கோ, கமுதிக்கோ பேருந்தில் போகும்போது வெளியே பாருங்கள். ஒரு பக்கம் கரிசல், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலங்காடு, நடுநடுவே வறண்ட கண்மாய். சில ஊர்களில், ஊர் முடிந்து காலனி தொடங்கும் இடத்தில், நீளவாக்கில் ஒரு பழைய கட்டடம் நிற்கும். முகப்பில் சிலுவை. பக்கத்திலேயே ஒரு பள்ளியின் பெயர்ப்பலகை. இன்றைக்குக் கோயிலும் பள்ளியும் தனித்தனியாக இருக்கலாம். ஆனால் தொடக்க காலத்தில் இரண்டும் ஒரே கூரைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாட்களில் அரிச்சுவடி. உபதேசியார்தான் வாத்தியார். ஆராதனைக்கு அடிக்கிற மணிதான் பள்ளிக்கூடத்து மணி.

அந்தக் கூரை நமக்கு ஏன் முக்கியம்? ஊர்க்கோயிலுக்குள் விடப்படாத, திண்ணைப் பள்ளியின் பக்கம்கூட நிற்க முடியாத, ஊர்க்கிணற்றில் வாளி இறக்க முடியாத மக்கள், முன்வாசல் வழியாக நிமிர்ந்து நுழைந்த முதல் பொதுக் கட்டடம் பல ஊர்களில் இதுதான். ஆனால் இதன் வரலாற்றை இதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். மிஷன்காரர்கள் எழுதியபோது அது வெள்ளைக்கார ஐயரின் தியாகக் கதை ஆனது. மதமாற்ற எதிர்ப்பாளர்கள் எழுதும்போது அது கஞ்சிக்கும் துணிக்கும் மதம் மாறியவர்களின் கதை ஆகிறது. இரண்டு கதைகளிலும் நம் மக்கள் வாங்கிக்கொண்டவர்களாக மட்டுமே வருகிறார்கள். கேட்டவர்களாக வருவதில்லை.

என் பேச்சின் சாரம் இதுதான்: அவர்கள் கேட்டார்கள். கேட்டுப் பெற்றார்கள். கேட்டதற்காகவே பிறகு தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனை இன்னும் முடியவில்லை.

ஜமீன் நிலத்தில் சில சென்ட்

முதலில் நிலத்திலிருந்து தொடங்குவோம். இன்றைக்கு விருதுநகர் மாவட்டம் என்கிறோம். இந்த மாவட்டம் உருவானது 1985இல்தான். அதற்கு முன்பு இது இராமநாதபுரம் மாவட்டம். அந்த இராமநாதபுரம் மாவட்டமும் 1910இல்தான் அமைந்தது. அதற்கும் முன்பு திருச்சுழி வட்டாரம் மதுரை மாவட்டத்தோடு இருந்தது. மாவட்டத்தின் பெயர்கள் மாறினாலும் நிலத்தின் மேல் அதிகாரம் மாறவில்லை. திருச்சுழிச் சீமை இராமநாதபுரம் ஜமீனுக்குள் கிடந்தது. 1803இல் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீனாக்கப்பட்ட அந்த அமைப்பு, 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது.

இதை எதற்குச் சொல்கிறேன்? பஞ்சமி நில மீட்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை, அதைத் தொடர்ந்து வந்த 1892 அரசாணை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அரசு தன் கையிலிருந்த தரிசைத்தான் எடுத்துக் கொடுக்க முடியும். ரயத்துவாரிப் பகுதிகளில் அப்படிப்பட்ட தரிசு இருந்தது. ஜமீனுக்குள் இருந்த தரிசோ ஜமீனுடையது. ஆகவே இந்த வறண்ட சீமையின் உழைக்கும் சாதிகளுக்குப் பஞ்சமி நிலம் என்ற அந்தச் சின்ன வாசலும் திறக்கவில்லை. உழுத நிலம் அடுத்தவனுடையது. குடிசை போட்டிருந்த மனையும் அடுத்தவனுடையது. ‘இடத்தைக் காலி பண்ணு’ என்ற ஒரு சொல் போதும், ஒரு தெருவே பெயர்ந்து போகும்.

இந்தச் சூழலில் சபைக் கூடத்துக்காக மிஷன் பெயரில் பத்திரமான சில சென்ட் நிலம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். மழை பொய்த்தாலும், பண்ணையார் கோபித்தாலும், அந்த இடத்திலிருந்து யாரும் எழுப்பிவிட முடியாது. வழிபாடு, எழுத்து இரண்டுக்கும் முன்னால் அந்த மக்களுக்குக் கிடைத்தது உட்காருவதற்கு ஓர் இடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மண்டபசாலைக்கு

இந்தப் பகுதிக்கு வந்தது அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் அது மதுரையில் கால் வைத்தது. நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷனின் கிளைதான் மதுரை மிஷன். அந்த முதல் பாதிரியார்களோடு யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் உதவியாளர்களும் கூட வந்தார்கள். மிஷன் வரலாறுகளில் அவர்களுக்கு ஓரிரு வரிதான். ஆனால் தமிழில் பாடம் சொன்னவர்களும், வீடுவீடாக நடந்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

மதுரை, திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று நிலையங்கள் ஏற்பட்டன. 1850களில் திருச்சுழிக்கு அருகிலுள்ள மண்டபசாலை ஒரு நிலையமானது. ஹொரேஸ் டெய்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் அங்கே தங்கியிருந்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறுசிறு சபைகள் உருவாயின. நிலையம் என்றால் ஒரு பங்களாவும் ஒரு வெள்ளைக்காரரும். கிராமம் என்றால் ஓர் உபதேசியார். ஒரு பாதிரியாரின் கீழ் பல கிராமங்கள். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ வந்து போகிறவர் அவர். ஊரில் இருந்து, வெயிலைத் தின்று, அடியும் வசவும் வாங்கியவர் உபதேசியார்.

1855இல் ஒரு திருப்பம் நடந்தது. மிஷனின் தலைமைச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் பாஸ்டனிலிருந்து நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பணம் செலவழிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், சபை வளரவில்லை என்பது அவர் கணக்கு. கிராமச் சபைகளோடு சேர்ந்த தமிழ்ப் பள்ளிகள் போதும் என்றார். இதில் கல்வியின் மேல் அக்கறை கொஞ்சம்தான், சபையின் மேல் அக்கறைதான் அதிகம். வேதத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம். ஆனால் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. வேதத்தை வாசிக்கத் தெரிந்தவன் கடன் பத்திரத்தையும் வாசிப்பான்.

ஆசைப்பட்டது எழுத்துக்கு

மிஷன் ஆவணங்களில் ஓயாமல் வருகிற ஒரு கவலை உண்டு. இந்த மக்கள் உண்மையான விசுவாசத்தால் வருகிறார்களா, உலக லாபத்துக்காக வருகிறார்களா? பாதிரியார்கள் இதை ‘கலப்பான நோக்கம்’ என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு மதமாற்ற எதிர்ப்பு அரசியல் பேசுகிறவர்கள் அதே குறையைக் குற்றச்சாட்டாக்கிப் பேசுகிறார்கள்.

நாம் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும் தோழர்களே. கடன் பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவன், தன் பிள்ளை அதை வாசிக்க வேண்டும் என்று விரும்பினான். அதில் என்ன கலப்படம்? கர்ணம் சொல்வதே கணக்கு என்றிருந்த ஊரில், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர் நம் தெருவில் வேண்டும் என்று கேட்டார்கள். அதில் என்ன பாவம்? சம்மன் வந்தால் வாசித்துச் சொல்ல, தாசில்தாருக்கு மனு எழுத, காவல் நிலையத்தில் வாய்திறந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டார். உபதேசியார் அந்த ஆளாக இருந்தார். ‘எங்களுக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள்’ என்பதுதான் பல ஊர்களின் முதல் கோரிக்கை. அதை மதமாற்றம் என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும்.

1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை தென்னாட்டை அது உலுக்கி எடுத்தது. பஞ்ச காலத்திலும் அதன் பின்னும் தமிழ்நாட்டின் தென்பகுதியில் பெருந்தொகையான மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். ‘கஞ்சிக்காக மாறினார்கள்’ என்ற ஏளனத்தின் வேர் இங்கே இருக்கிறது. பட்டினியில் கஞ்சி கொடுத்தவன் பக்கம் மனிதர்கள் போனது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் யார்? களஞ்சியம் வைத்திருந்தும் கதவைத் திறக்காதவர்கள் அல்லவா? அந்தப் பஞ்சம் போய், மழை பெய்து, கம்பும் சோளமும் விளைந்த பிறகும் பல சபைகள் கலையவில்லை. கஞ்சி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கலைந்திருக்க வேண்டும்.

இரண்டு வகைப் பள்ளிகள்

திருச்சுழி என்றால் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ரமண மகரிஷி. 1879இல் அங்கே வக்கீல் சுந்தரம் ஐயரின் வீட்டில் பிறந்தவர். அவர் எங்கே படித்தார்? உள்ளூர்ப் பள்ளி, திண்டுக்கல், பிறகு மதுரையில் ஸ்காட் நடுநிலைப்பள்ளி, கடைசியாக அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளி. 1896இல் திருவண்ணாமலைக்குக் கிளம்பும்போது அவர் மிஷன் பள்ளி மாணவர்.

ஒரே ஊர், ஒரே மிஷன், இரண்டு வகைப் பள்ளிகள். அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு மதுரையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலைப்பள்ளி. மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. அதே வட்டாரத்தில் சபையில் சேர்ந்த கூலிக்காரரின் பிள்ளைக்குக் கிராமத்தில் தமிழ் ஆரம்பப் பள்ளி. ஆண்டர்சன் மூடச் சொன்ன ஆங்கிலப் பள்ளிகள் பிற்காலத்தில் திரும்ப வந்தன. அவற்றால் அதிகம் பயன்பெற்றவர்கள் ஏற்கெனவே வசதியாக இருந்த சாதியார். மிஷன் பள்ளியில் படித்ததற்காக அவர்களை யாரும் கஞ்சிக் கிறிஸ்தவர் என்று சொல்லவில்லை. மிஷனிடம் கல்வி பெற்றதைப் பற்றிய ஏளனம் ஒரு தரப்புக்கு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அரசுப் பள்ளிகள் இருந்தனவே, அங்கே போயிருக்கலாமே என்று கேட்கலாம். 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று சென்னை அரசு தனியாக ஆணை போட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1919 வாக்கில் கணக்கெடுத்தபோது, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609தான். பள்ளிக்கூடம் அக்கிரகாரத்துக்குள்ளும் கோயில் மண்டபத்திலும் நடந்தால் எப்படிப் போவது? பொதுத் தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று ஆர். வீரய்யன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்டால், அந்தத் தெருவுக்குள் இருந்த பள்ளிக்கூடம் எட்டாத தூரம்.

அதே காலத்தில் இந்தச் சீமையில் நடந்த இன்னொரு போராட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் மன்னர் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தில் தோற்ற அந்தச் சமூகம் பள்ளிக்கூடத்தில் ஜெயித்தது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் உறவின்முறை அமைத்து, வியாபாரத்திலிருந்து மகமை பிடித்து, சொந்தமாகப் பள்ளிகள் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலையில் படித்த ஒரு பையன்தான் பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

அவர்களிடம் கடை இருந்தது, மகமை இருந்தது. விவசாயக் கூலிகளாக இருந்த பள்ளர், பறையர், அருந்ததியர் மக்களிடம் மகமை பிடிக்க என்ன இருந்தது? கல் சுமக்க முதுகு இருந்தது. மண் குழைக்கக் காலும், கூரை வேயக் கையும் இருந்தன. அதைத்தான் போட்டார்கள். மகமைப் பள்ளிகளுக்கு நிறுவனர் பெயர்ப் பலகை உண்டு. முதுகால் கட்டிய பள்ளிகளுக்கு மிஷனின் பெயர்தான் உண்டு.

கோயிலுக்குள் சாதி

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். சபைக்குள் சாதி ஒழிந்ததா?

முயற்சி நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே எதிர்த் தரப்பில் நின்றார். மதுரை மிஷனும் 1847 வாக்கில் கண்டிப்புக் காட்டியது. சாதி பாராமல் சேர்ந்து உண்ண மறுத்த உபதேசியார்களும் சபையாரும் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாட்டில், லூத்தரன்கள் நீங்கலாக, பெரும்பாலான மிஷன்கள் இதே நிலையை எடுத்தன. சேர்ந்து உண்பதைச் சாதி மறுப்பின் சோதனையாக வைத்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

ஆனால் அது தட்டு வரைக்கும்தான் வந்தது. கல்யாணம் வரைக்கும் வரவில்லை. தெரு வரைக்கும் வரவில்லை. கிராமச் சபை என்பது பெரும்பாலும் ஒரு தெருவின் சபை. ஒரு தெரு என்றால் ஒரு சாதி. கோயில் ஒரே சாதியாரின் கோயிலாக இருக்கும்போது, அங்கே சாதி இல்லை என்று சொல்வது சுலபம். எதிரே இன்னொரு சாதி உட்காரும்போதுதான் உண்மை தெரியும். கத்தோலிக்கத் திருச்சபையில் வடக்கன்குளத்தில் என்ன நடந்தது? இரண்டு சாதிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண, கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்த கோயிலையே கட்டினார்கள். நடுவிலிருந்த தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. நம் மாவட்டத்துக் கதையை நம்மவரே எழுதியிருக்கிறார். வத்திராயிருப்பு அருகே வ. புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அதைவிட்டு வெளியேறி, 1992இல் ‘கருக்கு’ நூலை வெளியிட்டார். மடத்துக்குள்ளும் மடம் நடத்தும் பள்ளிக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த நூல் சொன்ன பிறகு, ‘எங்கள் திருச்சபையில் சாதி இல்லை’ என்று யாரும் இலகுவாகச் சொல்ல முடியாமல் போயிற்று. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலையும் வாசியுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சபையின் சாதியை அம்பலப்படுத்திய இந்த எழுத்து, திருச்சபைப் பள்ளிகளில் படித்த தலைமுறையின் கையிலிருந்துதான் வந்தது. இமானுவேல் சேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் செல்லூரில் பிறந்தவர். தந்தை வேதநாயகம் ஓர் ஆசிரியர். அந்தத் தந்தையின் பெயரிலும் மகனின் பெயரிலும் வேதக்கோயிலின் சுவடு இருக்கிறது. ஒரு வாத்தியார் வீட்டுப் பிள்ளை, இராணுவத்தில் இருந்து திரும்பி, ஊர்ஊராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் இந்தச் சீமை என்ன விலை கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

பதிவேடே எதிர்ச்சாட்சி

இனி, இந்த வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். ஆர்வமில்லை, ஆவணமில்லை என்று பலரும் சொல்வார்கள். என் பார்வையில் முக்கியமான காரணம் வேறு. அது சட்டக் காரணம்.

1936இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகளின் பட்டியலை வெளியிட்டபோது, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அதில் சேரமாட்டார் என்று எழுதிவைத்தது. சுதந்திர இந்தியாவின் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அதே வழியில் போனது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது. அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளியின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில், அதே சாதி, ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதி ஊனம் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு அதை ஓரம்கட்டி பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் தேவாலயத்துக்குப் போகிறார் என்பதைக் காட்டி, அவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

இதன் விளைவு கிராமத்தில் என்ன? ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. வேலைக்கு மனுப் போடும் காலம் வந்தால் சுவரிலிருந்து வசனப் படம் இறங்குகிறது. தாத்தா உபதேசியாராக இருந்தார் என்பது பெருமையாகப் பேச வேண்டிய விஷயம், ஆனால் தாலுகா அலுவலகத்தில் அது எதிர்ச்சாட்சி. எந்தப் பதிவேட்டில் நம் முன்னோரின் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டதோ, அந்தப் பதிவேடே பேரப்பிள்ளையின் உரிமையைப் பறிக்கும் காகிதமாகிறது. அப்படியிருக்க, ஒரு மூதாட்டி தன் கதையை உங்களிடம் சொல்லத் தயங்கினால் அதை மறதி என்று எழுதாதீர்கள். அவர் தன் பேரனைக் காப்பாற்றுகிறார். தன் வரலாற்றைத் தானே மறைத்தால்தான் உரிமை கிடைக்கும் என்ற நிலையில் ஒரு சமூகத்தை ஓர் அரசாணை வைத்திருக்கிறது. இது மதச்சார்பற்ற நாட்டின் ஆணையா?

நாம் என்ன செய்யலாம்?

அந்தப் பள்ளிகள் இன்று எப்படி இருக்கின்றன? பெரும்பாலானவை அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள். காலையில் தனியார் பள்ளி வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மிஞ்சுவது மிகவும் இல்லாதவர்களின் பிள்ளைகள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது, ஆசிரியர் குறைந்தால் எண்ணிக்கை மேலும் குறைகிறது. கடைசியில் பூட்டு. பூட்டிய பிறகு அந்த நிலம் யாருடையது? அமெரிக்கன் மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சொத்துகள் திருச்சபையின் அமைப்புகளிடம் போயின. கல் சுமந்தவர்களின் பெயரில் ஒரு காகிதமும் கிடையாது. நாளை அந்த இடம் கைமாறினால் ஊருக்குக் கேள்வி கேட்க ஆதாரம் இருக்காது, வரலாறு எழுதி வைக்கப்பட்டிருந்தால் ஒழிய.

ஆகவே தோழர்களே, நான்கு வேலைகள்.

ஒன்று. உங்கள் ஊரில் இப்படி ஒரு கூரை இருந்தால் அதன் கதையைப் பதிவு செய்யுங்கள். நிலம் எப்படி வந்தது, கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், முதல் வாத்தியார் யார், முதலில் படித்து வெளியே போன பெண் யார், எந்த வருஷம் ஊர்க்காரர்கள் எரிக்க வந்தார்கள், யார் குறுக்கே நின்றார்கள். பாதிரியாரின் பெயரை மிஷன் அறிக்கை பார்த்துக்கொள்ளும். உபதேசியாரின் பெயரை நீங்கள் பாருங்கள்.

இரண்டு. ஆர்வக் கோளாறில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படமெடுத்து முகநூலில் போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன சட்டம் இருக்கும்வரை அது உயிரோடிருக்கிற ஒருவரின் வேலையைப் பறிக்கும் ஆதாரமாகலாம். கட்டடத்தின் வரலாற்றை உரக்க எழுதுங்கள். குடும்பங்களின் வரலாற்றை அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள்.

மூன்று. சபையில் இருக்கிற தோழர்கள் சபைக்குள் கேளுங்கள். கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் ஒன்றா? பள்ளியில் பணி நியமனம் யார் கையில்? பள்ளியை மூடுவதென்றால் ஊரைக் கேட்பார்களா? சேர்ந்து உண்ணாதவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிய மிஷனின் வாரிசுகளிடம், சாதி பார்த்து நியமனம் செய்பவரை என்ன செய்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான்கு. சபைக்கு வெளியே இருக்கிற தோழர்கள், 1950 ஆணைக்கு எதிரான போராட்டத்தைக் கிறிஸ்தவர்களின் கோரிக்கை என்று ஒதுக்காதீர்கள். சாதி இந்து மதத்தின் உள்விவகாரம் என்று அரசு சொல்கிறது. அது இந்தச் சமூகத்தின் நோய், எந்தக் கோயிலுக்குப் போனாலும் பின்னால் வருகிறது என்று நாம் சொல்கிறோம். இந்த வாதத்தை அம்பேத்கரியரும் பெரியாரியரும் பேசாமல் வேறு யார் பேசுவது?

மானாவாரிச் சீமையில் விதைக்கிறவனுக்கு மழை நிச்சயமில்லை. ஆனாலும் ஆடியில் உழுது வைக்கிறான். எழுத்து நம் தெருவுக்கு வரும் என்று எந்த உறுதியும் இல்லாத காலத்தில், வாத்தியார் வேண்டும் என்று போய்க் கேட்டவர்கள் நம் பாட்டன்மார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் பெயரிலேயே எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.